சிறுபோகக் கூட்டமும் கடைசி வாய்க்காலும்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். இலங்கையின் வடக்கே உள்ள நம் வன்னியின் பொதுவாழ்வைப் பற்றிப் பேசும்படி கேட்டார்கள். ஆண்டுதோறும் மாசி, பங்குனி மாதங்களை அண்டி நம் குளங்களின் கீழ், சிறுபோகம் எனும் கோடைகால நெற்செய்கையைத் திட்டமிட நடைபெறும் சிறுபோகக் கூட்டத்தைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

மாரிகால நெற்செய்கையான காலபோகத்துக்கு மழை கைகொடுக்கும். சிறுபோகமோ பெரும்பாலும் குளத்து நீரையே நம்பியிருப்பது. கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய இரணைமடுவானாலும், முத்தையன்கட்டு, வவுனிக்குளமானாலும், அவ்வாண்டு எத்தனை அடி நீர் நிற்கிறதோ அதை வைத்தே எத்தனை ஏக்கர் விதைப்பது, குளத்து மதகான துருசை எந்த நாளில் திறப்பது, மாடுகளை வயலிலிருந்து எப்போது அகற்றுவது என்பதெல்லாம் முடிவாகும். அரச அதிகாரிகளும் விவசாயிகளான கமக்காரரின் அமைப்புகளும் ஒரே மண்டபத்தில் அமர்ந்து, சில வேளை உரத்த குரலில் வாதாடி, ஈற்றில் எல்லோரையும் கட்டுப்படுத்தும் முடிவொன்றுக்கு வருகிறார்கள். நீர் போதாத ஆண்டில் முழுவயலையும் விதைக்க இயலாதென்பதால், வாய்க்காலுக்கு வாய்ப்பான ஒரு பகுதியை மட்டும் தெரிந்து, அதனை மற்றக் காணிக்காரருக்கும் பங்கிட்டு விதைக்கும் ஏற்பாடும் உண்டு. தன் பெயரில் உறுதி, அதாவது உரிமைப் பத்திரம், உள்ள வயலில் அந்தப் போகத்துக்கு இன்னொருவர் இறங்கி விதைப்பதை ஒருவர் ஏற்றுக்கொள்வது எளிய காரியமன்று. நம் மண்ணின் மிகச் சிறந்த குடிமைப் பழக்கம் இதுவென்றே நான் கருதுகிறேன்.

ஆனால் அந்த மண்டபத்தில் யார் பேசுகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். முன்வரிசையில் பெரும்பாலும் காணி உறுதியுள்ள ஆண்களே இருப்பார்கள். 2009 இல் போர் முடிந்து மீளக்குடியேறியபோது, கணவரை இழந்த, அல்லது காணாமற்போன கணவரைத் தேடிக்கொண்டிருந்த பெண்கள் பலர் தனியே கமத்தைப் பொறுப்பேற்றார்கள். காணி இன்னும் கணவரின் அல்லது மாமனாரின் பெயரிலேயே இருப்பதால், விதைப்பதும் காவல் இருப்பதும் தாமேயாயினும், கூட்டத்தில் பேச அவர்களுக்குத் தயக்கம். 1958, 1977 ஆம் ஆண்டுகளின் இனக்கலவரங்களுக்குப் பின் தெற்கிலிருந்தும் மலையகத்திலிருந்தும் வந்து, காடு வெட்டிக் கழனியாக்கிய குடும்பங்களில் பல இன்றும் பிறர் காணியைக் குத்தகைக்கோ கூலிக்கோதான் செய்கின்றன. துருசு திறப்பது ஒரு கிழமை பிந்தினால் முதலில் நொடிந்துபோவது அவர்களே.

ஒருமுறை பின்வரிசையிலிருந்து ஓர் அம்மா எழுந்தார். “ஐயா, எங்கட துண்டு வாய்க்காலின்ர கடைசியில. மேல உள்ளவை இராவில மறிச்சுப்போட்டால், குடலைப்பருவத்தில எங்களுக்குச் சேறுகூட இல்லை” என்றார். கதிர் வெளிவருமுன் இலையுறைக்குள் திரளும் குடலைப்பருவத்தில் நீர் தவறினால் கதிர் பதராகும் என்பது அங்கிருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். சிறிது நேரம் எவரும் பேசவில்லை. பிறகு, கடைசி வாய்க்காலுக்கு முறைவைத்து நீர்விட வேண்டும் என்ற கோரிக்கை குறிப்பேட்டில் ஏறியது.

ஆகவே கமக்காரர் அமைப்புகளிடம் நான் வேண்டுவது இதுதான். உறுதி யார் பெயரில் இருந்தாலும், அந்தப் போகம் யார் விதைக்கிறாரோ அவர் பெயரையும் கூட்டப் பதிவில் எழுதுங்கள். கூட்ட நாளை வயலோரக் கடைகளிலும் கோயில் வாசலிலும் முன்கூட்டியே ஒட்டுங்கள். பேச்சைத் தொடங்கும்போது, வாய்க்காலின் கடைசித் துண்டுக்காரரை முதலில் பேச அழையுங்கள். நன்றி.