ஸ்பான்சர் எண் என்ன?

(தமிழ்ப் பெண்கள் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

மே மாதம், அன்னையர் தினத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, அமெரிக்காவில் ராணுவத்தினரின் வாழ்க்கைத் துணைகளுக்கான நாள். இப்படி ஒரு நாளை முதன்முதலில் அறிவித்தவர் அதிபர் ரீகன், 1984-ல். அதையொட்டித்தான் இன்று, அமெரிக்க ராணுவக்காரர் ஒருவரின் மனைவியான என்னைப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். அழைத்த அக்கா, "ஜெர்மனியில் நாலு வருஷம் இருந்திருக்கே, ஐரோப்பா முழுக்கச் சுத்தியிருப்பே, அதைச் சொல்லேன்" என்றார். சுற்றியது உண்மைதான், அதையும் சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் ஒரு கேள்வியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த நாலு வருடத்தில் என் காதில் அதிகம் விழுந்த கேள்வி அது: "ஸ்பான்சர் எண் என்ன?"

ராணுவத்தில் இருப்பவர் 'ஸ்பான்சர்'. அவருடைய மனைவி அல்லது கணவர், பிள்ளைகள் எல்லோரும் 'டிபென்டன்ட்', அதாவது சார்ந்திருப்பவர்கள். யாரும் நம்மைத் தாழ்த்திச் சொல்வதில்லை, படிவத்தில் இருக்கும் சொல் அது. எனக்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அவருடைய எண்ணைத்தான் கேட்பார்கள். வாடகை வீட்டுக்கு விண்ணப்பித்தாலும் அதே எண். வந்த முதல் மாதத்திலேயே அது எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. என் அடையாள அட்டையில் இருக்கும் என் சொந்த எண்ணை இன்றைக்கும் பார்த்துத்தான் சொல்வேன்.

நான் படித்தது கணக்கியல். கணவருக்கு ஜெர்மனிக்கு மாற்றல் உத்தரவு வந்தபோது எனக்கு ஒரு நிறுவனத்தில் ஆறு வருட வேலை. வீட்டிலிருந்தே செய்யக்கூடிய வேலைதான். ஆனால் வேறொரு நாட்டில் உட்கார்ந்து செய்தால் வரிச் சிக்கல் வரும் என்று சொல்லி விடை கொடுத்துவிட்டார்கள். இது எனக்கு மட்டும் நடந்த கதை இல்லை. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை எடுத்த கணக்கெடுப்புகளில், வேலை தேடும் ராணுவத் துணைகளில் ஏறக்குறைய 5-ல் ஒருவருக்கு வேலை இல்லை என்றுதான் பல வருடங்களாக வருகிறது. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஊர் மாறுபவளை யார் வேலைக்கு எடுப்பார்கள்? இந்த வலியை 'அதான் ஐரோப்பா பார்த்தாச்சே' என்ற ஒரு வரியில் துடைத்துவிட முடியாது.

சரி, ஊருக்கு வருவோம். 2019 கோடையில் நாங்கள் போய் இறங்கியது கைசர்ஸ்லவுட்டர்ன். அமெரிக்கர்கள் வாயில் அது கே-டவுன். பக்கத்திலேயே ராம்ஸ்டைன் விமானத் தளம், லாண்ட்ஸ்டூல் ராணுவ ஆஸ்பத்திரி. சிப்பாய்கள், சிவில் ஊழியர்கள், குடும்பங்கள் என்று சுற்றுவட்டாரத்தில் சுமார் 50,000 அமெரிக்கர்கள். அமெரிக்காவுக்கு வெளியே இவ்வளவு அமெரிக்க ராணுவக் குடும்பங்கள் சேர்ந்து வாழும் இடம் வேறு இல்லை. இந்தக் கதை 1946 ஏப்ரலில் தொடங்குகிறது. போர் முடிந்து ஒரு வருடம்கூட ஆகாத ஜெர்மனியில், பிரேமர்ஹாஃபன் துறைமுகத்தில் முதல் ராணுவக் குடும்பங்கள் கப்பலில் வந்து இறங்கின. இடிந்து கிடந்த நகரங்களுக்கு நடுவே குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கிய அந்தப் பெண்களை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். எனக்காவது கையில் போன் இருந்தது.

எங்களுக்குக் கிடைத்தது பேஸுக்கு, அதாவது ராணுவத் தளத்துக்கு, வெளியே, ஒரு கிராமத்தில், மாடி வீடு. ஜெர்மனியில் வாடகை வீடு என்றால் பல சமயம் நாலு சுவர்தான். அலமாரி இருக்காது, விளக்கு மாட்ட வேண்டிய இடத்தில் வெறும் ஒயர் தொங்கும். சில வீடுகளில் சமையலறையையே கழற்றிக்கொண்டு போயிருப்பார்கள். எங்கள் சாமான்களோ கப்பலில். அது வந்து சேர இரண்டு மாதம். அதுவரை ராணுவம் இரவல் கொடுத்த கட்டில், மேசை, அலமாரி. நான் எங்கே உட்கார்ந்தாலும் யாரோ ஒருத்தி முன்பு உட்கார்ந்த நாற்காலி அது.

சாமான் வந்த பிறகு மின்சாரப் பிரச்சினை. அமெரிக்காவில் 120 வோல்ட், ஜெர்மனியில் 230. அதனால் கே-டவுனில் எல்லா அமெரிக்க வீட்டிலும் கருங்கல் கனத்தில் இரண்டு மூன்று டிரான்ஸ்ஃபார்மர் பெட்டிகள் தரையில் கிடக்கும். வோல்ட்டைத்தான் அது மாற்றும். அலைவெண்ணை, அதாவது மின்சாரம் நொடிக்கு எத்தனை முறை துடிக்கிறது என்பதை, மாற்றாது. அங்கே 60, இங்கே 50. மின்சாரத்தின் துடிப்பை எண்ணி ஓடும் பழைய மேசைக் கடிகாரம் ஒன்று என்னிடம் இருந்தது. செருகி வைத்தால் ஒரு மணி நேரத்துக்குப் பத்து நிமிடம் பின்தங்கும். காலை எட்டுக்குச் சரிசெய்து வைத்தால் மதியம் இரண்டுக்கு ஒன்று என்று காட்டும். அதே சமயம், அமெரிக்காவில் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் ஓடாத என் இந்திய மிக்சி ஜெர்மனியில் அது இல்லாமலே சுற்றியது. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தை இங்கே இருக்கும் பெண்களுக்கு விளக்கத் தேவையில்லை.

கீழ்வீட்டில் எண்பது வயதைத் தாண்டிய ஒரு ஜெர்மானியப் பாட்டி. வந்த புதிதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலி பாட்டில்களைக் கண்ணாடித் தொட்டியில் போடப் போனேன். பாட்டி ஜன்னலைத் திறந்து ஏதோ சொன்னார். திட்டுகிறார் என்று நினைத்தேன். ஞாயிறு ஓய்வு நாள், கண்ணாடி உடையும் சத்தம் கேட்கக் கூடாது, புல் வெட்டும் இயந்திரமும் ஓடக் கூடாது, கடைகளும் கிடையாது. மறுநாள் கீழே இறங்கி வந்து எந்தக் குப்பை எந்தப் பைக்கு என்று ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துக் காட்டினார். என் ஜெர்மன் மொழி அந்த மஞ்சள் பையிலிருந்துதான் தொடங்கியது.

அவருக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்று பேஸ் கடையிலிருந்து காபித்தூள் வாங்கி வந்தேன். கணவர் தடுத்தார். நேட்டோ நாடுகள் 1951-ல் செய்துகொண்ட உடன்படிக்கை எங்களுக்குத் தந்த சலுகைகளில் ஒன்று, பேஸ் கடையில் ஜெர்மன் வரி இல்லாமல் வாங்குவது. ஜெர்மனியிலோ காபிக்கென்றே ஒரு தனி வரி உண்டு. அந்தக் காபித்தூளை வெளியாருக்குக் கொடுத்தால் சுங்க விதியை மீறியதாகும். சரி, தூளைத்தானே கொடுக்கக் கூடாது என்று பாட்டியை மேலே அழைத்துக் காபி போட்டுக் கொடுத்தேன். அதுவே வழக்கமாகிவிட்டது. நாலு வருடம், ஞாயிறு மூன்று மணிக்கு.

இப்போது பயணம். கைசர்ஸ்லவுட்டர்ன் ஸ்டேஷனில் அதிவேக ரயில் ஏறினால் இரண்டரை மணி நேரத்தில் பாரிஸ். காரில் கிளம்பினால் ட்ரியர், ஸ்ட்ராஸ்புர்க், லக்சம்பர்க் எல்லாம் போய்விட்டு அன்றிரவே வீடு திரும்பலாம். என்னிடம் இரண்டு பாஸ்போர்ட். ஒன்று ராணுவக் குடும்பம் என்பதற்காக அரசாங்கம் கட்டணமில்லாமல் கொடுத்தது, அது அரசுப் பயணத்துக்கு மட்டும். ஊர் சுற்ற வேண்டுமானால் சொந்தப் பணத்தில் எடுத்த சாதாரண பாஸ்போர்ட்டைத்தான் நீட்ட வேண்டும்.

எல்லோரும் ஆவலாகக் கேட்பது ராணுவ விமானத்தில் இலவசமாகப் பறப்பதைப் பற்றி. 'ஸ்பேஸ்-ஏ' என்பார்கள். வேலையாகப் போகிற விமானத்தில் இடம் மிஞ்சினால் நமக்கு. மிஞ்சாவிட்டால் இல்லை. ஒருமுறை ராம்ஸ்டைனில் இரண்டு நாள் காத்திருந்து சி-17 விமானத்தில் ஸ்பெயினின் ரோட்டா கடற்படைத் தளத்துக்குப் போனோம். சுவரோரம் வரிசையாக இருக்கைகள், நடுவில் சங்கிலி போட்டுக் கட்டிய சரக்கு, காதில் அடைப்பான், நல்ல குளிர். என் மகனுக்கு அதைப் போல ஒரு பயணம் இன்றுவரை அமைந்ததில்லை. திரும்பி வரத்தான் இடம் கிடைக்கவில்லை. மூன்று நாள் பெயர் கொடுத்துப் பார்த்தோம். கணவரின் லீவு முடிகிற நாளைத் தள்ளிப்போட முடியாது. கடைசியில் செவில் போய் மூன்று டிக்கெட் வாங்கினோம். பாரிஸுக்கு என்று சேர்த்து வைத்திருந்த பணம் அது.

2021 ஆகஸ்ட் வேறு மாதிரி. காபூலிலிருந்து விமானம் விமானமாக மக்கள் ராம்ஸ்டைனுக்கு வந்தார்கள். சில வாரங்களில் 30,000 பேருக்கும் மேல் அந்தத் தளத்தின் வழியாகப் போனார்கள். ஓடுபாதைக்குப் பக்கத்தில் கூடார வரிசைகள். வந்து இறங்கிய விமானத்தின் சரக்குப் பகுதியிலேயே ஒரு தாய்க்குப் பிரசவமானது. துணி, டயபர், பால்மாவு கொண்டு வாருங்கள் என்ற செய்தி எங்கள் போன்களில் பரவிய அன்றே கார்கள் வரிசை கட்டி நின்றன. நானும் போனேன். அளவு பார்த்துத் துணி பிரிக்கிற வேலை. குழந்தைகளின் செருப்புதான் போதவே இல்லை. கூட நின்று பிரித்தவர்களில் பெரும்பாலானவர்கள் என்னைப் போன்ற டிபென்டன்ட்டுகள். அந்தப் பத்து நாளில் எங்களிடம் யாரும் ஸ்பான்சர் எண் கேட்கவில்லை.

அப்புறம் 2022 பிப்ரவரி. ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தது, என் கணவரின் பிரிவு கிழக்கே கிளம்பியது. பெட்டி கட்ட ஒரு நாள் கிடைத்தது. அவர் பையில் என்ன எடுத்தார் என்பதைவிட எனக்கு நினைவிருப்பது, முதல் நாள் மாலை அவர் கையெழுத்திட்டுக் கொடுத்த பவர் ஆஃப் அட்டர்னி. கார் அவர் பெயரில், வீட்டு ஒப்பந்தம் அவர் பெயரில். அந்த ஒரு தாள் இல்லாமல் என்னால் எதையும் புதுப்பிக்க முடியாது. ராணுவத்தில் புதிதாகத் திருமணமாகி வரும் பெண்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: அவர் கிளம்புவதற்கு முன்னால் அந்தத் தாளை வாங்கி, அசலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே இருக்கிறார், எப்போது வருவார் என்று போனில் சொல்லக் கூடாது. பாதுகாப்பு விதி. அம்மா தினமும் கேட்பார்கள், "மாப்பிள்ளை எப்பம்மா வர்றார்?" "வருவாரும்மா." "அதான் எப்போ?" "வருவாரும்மா." பெற்ற தாயிடம் ஒன்பது மாதம் இதையே சொல்லிக்கொண்டிருந்தேன். மற்றக் குடும்பங்களில் குழந்தைகள் இன்னும் இத்தனை நாள் என்று காகிதச் சங்கிலி செய்து, தினம் ஒரு வளையம் கிழிப்பார்கள். எங்களுக்குத் திரும்பும் தேதி தெரியாது. அதனால் மகன் தினம் ஒரு வளையம் சேர்த்தான். சங்கிலி கூடத்தைத் தாண்டி மாடிப்படி வரைக்கும் போனது.

அந்தக் கோடையில் நான் ஹாமுக்குப் போனேன். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நாங்கள் இருந்த இடத்திலிருந்து காரில் போகக்கூடிய தூரத்தில் இரண்டு ஹாம் உண்டு. ஒன்று லக்சம்பர்க்கில். இரண்டாம் உலகப் போரில் இறந்த 5,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கச் சிப்பாய்களின் கல்லறைகள் அங்கே இருக்கின்றன. தளபதி பேட்டனின் கல்லறை தன் வீரர்களைப் பார்த்தபடி முன்னால் தனியாக இருக்கும். முந்தைய வருடம் மூவரும் போயிருந்தோம். புல்வெளி முழுக்க வெள்ளைக் கற்கள். மகன் எண்ணத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டு அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

இன்னொரு ஹாம் ஜெர்மனியில், வடக்கே நாலு மணி நேரக் கார்ப் பயணம். அங்கே ஒரு தொழிற்பேட்டைக்கு நடுவில் காமாட்சி அம்மன் கோயில். போருக்குத் தப்பி ஜெர்மனிக்கு வந்த ஈழத் தமிழர்கள் எழுப்பியது. 2002-ல் குடமுழுக்கு நடந்தது. தேர்த் திருவிழாவுக்கு ஆயிரக்கணக்கானோர் கூடுவார்கள். நான் போனது ஒரு சாதாரண சனிக்கிழமை. நானும் மகனும் மட்டும். நெடுஞ்சாலையை விட்டு இறங்கியதும் கிடங்குகளுக்கு மேலே கோபுரம் தெரிந்தது. காரை ஓரமாக நிறுத்திக் கொஞ்ச நேரம் அழுதேன்.

உள்ளே ஒரு அம்மா, அறுபது வயதுக்கு மேல் இருக்கும், "எவடம் பிள்ளை?" என்று கேட்டார். சொன்னேன். "அவர் வரேல்லையோ?" என்றார். அவர் ராணுவத்தில் இருக்கிறார், வெளியே போயிருக்கிறார் என்றேன். "ஆமியோ?" என்றார். அந்தச் சொல் அவர் வாயில் எவ்வளவு கனமானது என்று எனக்கு உடனே புரியவில்லை. பிறகுதான் புரிந்தது. அவர் ஊரை விட்டு வந்ததே 'ஆமி'க்கு, இலங்கை ராணுவத்துக்கு, பயந்து. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். நானும் என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றேன். அப்புறம் என் மகனின் நெற்றியில் திருநீறு பூசிவிட்டு, "தகப்பன் எந்த நட்சத்திரம்?" என்று கேட்டார். அர்ச்சனைச் சீட்டு அவரே வாங்கினார். பணம் கொடுக்கப் போனேன், கையைத் தள்ளிவிட்டார். "கவனமா இருக்கச் சொல்லு பிள்ளை" என்றார்.

அவர் பெயரை நான் கேட்கவில்லை. அவரும் என் பெயரைக் கேட்கவில்லை. என் வாழ்க்கையில் எனக்காக எழுதப்பட்ட சீட்டுகளில் அந்த அர்ச்சனைச் சீட்டைத்தான் நான் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன், பவர் ஆஃப் அட்டர்னி இருக்கும் அதே உறையில்.

நவம்பரில் என் கணவர் வந்தார். அடுத்த கோடையில் மறுபடியும் உத்தரவு. சாமான் கட்டுகிறவர்கள் இரண்டு நாளில் வீட்டைக் காலி செய்தார்கள். கடைசி ஞாயிற்றுக்கிழமை என்னிடம் கோப்பையே இல்லை. பாட்டி தன் வீட்டுக் கோப்பையில், தன் வீட்டுக் காபியைக் கொண்டு வந்தார். வெறும் தரையில் உட்கார முடியாது என்று ஒரு நாற்காலியையும் தூக்கிக்கொண்டு படியேறினார், அந்த வயதில்.

டிரான்ஸ்ஃபார்மர்களைப் புதிதாக வந்த ஒரு பெண்ணுக்குக் கொடுத்தேன். இருபத்திரண்டு வயது, கையில் ஆறு மாதக் குழந்தை, கணவர் ஏற்கெனவே பயிற்சிக்குப் போய்விட்டார். எது எவ்வளவு தாங்கும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். பாட்டில்களை ஞாயிற்றுக்கிழமை போடாதே என்றேன். அவள் எல்லாவற்றையும் போனில் குறித்துக்கொண்டு, கடைசியில் கேட்டாள், "உங்கள் பெயரை எப்படி எழுதுவது?" ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன்.

வணக்கம்.