நாணயத்தை எடை போட்டு வரலாறு எழுத முடியுமா? கோசாம்பி பற்றிய ஒரு கேள்விக்கு விளக்கம்

கேள்வியை முதல்ல படிச்சிடறேன். "டி.டி. கோசாம்பி கணிதப் பேராசிரியர், மார்க்சியவாதி. பழைய நாணயங்களைத் தராசுல வச்சு எடை பார்த்து வரலாறு எழுதினார்னு சொன்னீங்க. எடைக்கும் காலத்துக்கும் என்ன சம்பந்தம்? இது நிஜமாவே ஒரு முறையா, இல்ல அவர் பெருமையைச் சொல்ற கதையா? அவரை எங்கேர்ந்து படிக்க ஆரம்பிக்கலாம்?"

கதை இல்லீங்க, முறைதான். ஓட்டையும் அதுல உண்டு, அதையும் சேர்த்தே பார்ப்போம்.

ஆளைப் பத்தி சுருக்கமா. 1907 ஜூலை 31, கோவாவுல கோஸ்பென் கிராமத்துல பிறந்தார். அப்பா தர்மானந்த் கோசாம்பி பெரிய பாலி, பௌத்த அறிஞர். அப்பாவோட அமெரிக்கா போய், ஹார்வர்டுல படிச்சு 1929-ல பட்டம் வாங்கினார். காசி, அலிகர், அப்புறம் 1933-லேர்ந்து புனே ஃபெர்குசன் கல்லூரி, 1946-லேர்ந்து 1962 வரைக்கும் மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம். 1966 ஜூன் 29-ல இறந்தார், 58 வயசுதான். 1944-ல மரபணுக்களுக்கு இடையில உள்ள தூரத்தைக் கணக்கிட அவர் கொடுத்த சூத்திரம் இன்னைக்கும் 'கோசாம்பி சார்பு'ங்கிற பேர்லயே புழங்குது. கணிதத்துல அவர் சும்மா வந்துபோனவர் இல்லைங்கறதுக்காக இதைச் சொல்றேன்.

அவர் வரலாற்றுக்கு வந்த வழி வேடிக்கையானது. புள்ளியியலைத் தனக்குத்தானே கத்துக்கணும்னு நினைச்சார். அதுக்குப் பயிற்சிக் கணக்கா ஒண்ணு வேணும். கையில கிடைச்சது முத்திரை நாணயம். அந்த நாணயத்தை அடிச்சது யாருங்கற கேள்வி அவரைப் புராணங்களுக்கும் பௌத்த நூல்களுக்கும் இழுத்துச்சு. அந்த நூல்களை நம்பணும்னா பிரதிகளைச் சரிபார்க்கணும். அப்படித்தான் சமஸ்கிருதப் பதிப்பு வேலைக்குள்ள போனார். சமஸ்கிருதக் கவிஞர் பர்த்ருஹரியோட பாடல்களுக்கு நூத்துக்கணக்கான சுவடிகளை ஒப்பிட்டு 1948-ல பதிப்பு கொண்டுவந்தார். ஒரு கணக்குல ஆரம்பிச்ச வேலை!

சரி, கேள்விக்கு வருவோம். வெள்ளி முத்திரை நாணயம்னா வார்ப்பு நாணயம் இல்ல. வெள்ளித் தகட்டைத் துண்டு துண்டா வெட்டுவாங்க. எடை கூடுதலா இருந்தா மூலையைக் கொஞ்சம் நறுக்கிடுவாங்க. முன்பக்கத்துல தனித்தனி அச்சால அஞ்சு குறி அடிப்பாங்க: சூரியன், சக்கரம், மலை, மிருகம் இப்படி. பின்பக்கத்துல சின்னச் சின்னக் குறிகள். சிலதுல ஒண்ணுமே இருக்காது, சிலதுல நிறைய இருக்கும். பேரு கிடையாது, வருஷம் கிடையாது, ஒரு எழுத்துகூடக் கிடையாது. நிர்ணயிச்ச எடை 32 ரத்தி. ரத்தின்னா நம்ம குன்றிமணிதான். ஏறத்தாழ மூணரை கிராம் வரும்.

இப்ப யோசிச்சுப் பாருங்க. காசு கைமாறும்போது தேயும். ரொம்ப நாள் புழங்கின காசு ரொம்பத் தேஞ்சிருக்கும். ஆனா தனியா ஒரு காசை எடுத்து எடை போட்டு "இது பழசு"ன்னு சொல்ல முடியாது. ஏன்னா கையால வெட்டினது. புதுசா இருந்தப்பவே ஒண்ணுக்கொண்ணு எடை வித்தியாசம் இருந்திருக்கும். இங்கதான் புள்ளியியல் வருது. ஒவ்வொரு காசும் சராசரியிலேர்ந்து 0.1 கிராம் அளவுக்கு முன்னப்பின்ன இருக்குன்னு வச்சுக்கங்க. நூறு காசோட சராசரியை எடுத்தா, அந்தச் சராசரியில வர்ற பிழை பத்துல ஒரு பங்கா, அதாவது 0.01 கிராமா குறைஞ்சிடும். தனிக் காசு பொய் சொல்லலாம், நூறு காசு சேர்ந்து பொய் சொல்றது கஷ்டம்.

அதனால குவியலா கிடைச்ச காசு வேணும். தட்சசீலத்துல பீர் மேட்டுல 1924-ல ஒரு புதையல் கிடைச்சுது. ஆயிரத்துக்கும் மேல வெள்ளிக் காசுங்க. அதோட அலெக்சாந்தர் காசு ரெண்டு, அவருக்கு அப்புறம் வந்த ஃபிலிப் அரிடையஸ் காசு ஒண்ணு. இந்த ஃபிலிப் கி.மு. 317-ல கொல்லப்பட்டவர். அவர் காசு புதுசு மாதிரியே இருந்ததால, புதையலைப் புதைச்ச காலம் கிட்டத்தட்டத் தெரிஞ்சுபோச்சு. கோசாம்பிக்கு இதைவிட நல்ல சோதனைச்சாலை கிடைச்சிருக்காது.

அவர் பண்ணினது என்னன்னா, முன்பக்கக் குறிகளை வச்சு காசுகளை வகை பிரிச்சார். பின்பக்கத்துல எத்தனை சின்னக் குறின்னு எண்ணினார். குறி இல்லாதது, ஒரு குறி, ரெண்டு குறின்னு குவிச்சு, ஒவ்வொரு குவியலுக்கும் சராசரி எடை எடுத்தார். குறி கூடக்கூட எடை குறையுது, அதுவும் கிட்டத்தட்ட ஒரே சீரா. அப்ப அந்தப் பின்பக்கக் குறி என்ன? காசு புழக்கத்துல இருக்கும்போது அப்பப்ப யாரோ வாங்கிப் பரிசோதிச்சு அடிச்ச முத்திரை. அது அரசன் அடிச்சதில்ல, வணிகர்கள் அடிச்சதுங்கறது அவர் முடிவு. இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமா கேளுங்க. எழுத்தே இல்லாத ஒரு காசுலேர்ந்து, அரசுக்கு வெளியில தானே ஒழுங்கு வச்சு நடத்தின ஒரு வணிக வர்க்கம் தெரிய ஆரம்பிக்குது. அவரோட மார்க்சியம் வேலை செய்யறது இப்படித்தான். மேற்கோள் காட்டறது அதுல ரொம்பக் கம்மி.

காசு நிஜமாவே இப்படித்தான் தேயுமான்னு அவருக்கும் சந்தேகம் இருந்துச்சு. அதனால அன்னைக்குப் புழக்கத்துல இருந்த பிரிட்டிஷ் இந்தியக் காசுகளை ஆயிரக்கணக்குல எடை போட்டார். அதுல வருஷம் அச்சாகியிருக்கும், அதனால வயசுக்கும் எடைக்கும் உள்ள உறவை நேரா பார்க்கலாம். பழைய வருஷக் காசோட சராசரி எடை கம்மி, எடைச் சிதறலும் அதிகம். முறை சரின்னு தெரிஞ்சுது.

எங்க தப்பும்? முதல்ல, காசு மண்ணுல கிடந்த விதம். வெள்ளியோட செம்பு கலந்திருந்தா, ஈர மண்ணு செம்பை அரிச்சு எடுத்திடும். அது புழக்கத் தேய்மானம் இல்ல, ஆனா தராசுக்கு வித்தியாசம் தெரியாது. அப்புறம் சுத்தம் பண்றது: அமிலத்துல அதிகம் ஊறினா நல்ல வெள்ளியும் போயிடும், சுத்தம் பண்ணாட்டி மேல படிஞ்ச உப்பும் சேர்த்து எடை காட்டும். இன்னொண்ணு, வேற வேற புதையல் காசுகளை ஒரே தட்டுல கலந்து வச்சிருந்தா மொத்தக் கணக்கும் வீண். கடைசியா ஒரு நுணுக்கம். ரொம்பத் தேஞ்ச காசை ஜனங்களே வாங்க மறுப்பாங்க, அது உருக்கப் போயிடும். புழக்கத்துல தப்பிச்சதை மட்டும்தான் நாம எடை போடறோம், அதனால தேய்மானம் இருந்ததைவிடக் கம்மியாத் தெரியலாம்.

இதெல்லாம் முறையோட எல்லைகள். அவரே சறுக்கின இடம் வேற. எந்தக் குறி எந்த அரசனோடதுன்னு அடையாளம் சொல்லப் போனார். அந்த அடையாளங்கள்ல பலதைப் பின்னால வந்த நாணயவியலாளர்கள் ஏத்துக்கலை. வரிசை சொல்றது வேற, பேர் சொல்றது வேற. தராசு பேர் சொல்லாது.

இதே பழக்கம்தான் அவர் அரசியல்லயும். 1949-ல டாங்கே, இந்தியா ஆதிப் பொதுவுடைமையிலேர்ந்து அடிமைமுறைக்குப் போச்சுன்னு ஒரு புத்தகம் எழுதினார். டாங்கே கம்யூனிஸ்ட் தலைவர், கோசாம்பியும் மார்க்சியவாதி. ஆனாலும் அந்தப் புத்தகத்தைக் கோசாம்பி கடுமையா விமர்சிச்சார். ஐரோப்பாவுக்குப் போட்ட படிக்கட்டை அப்படியே இங்க கொண்டுவந்து சாத்தாதீங்க, கிரேக்கம், ரோம் மாதிரி அடிமை உழைப்புல நடந்த பொருளாதாரத்துக்கு இங்க ஆதாரம் எங்கேங்கறது அவர் வாதத்தோட சாரம். ஆசியச் சமூகம் காலங்காலமா மாறாமலே கிடந்துச்சுங்கற 'மாறாத ஆசியா' கருத்தையும் அவர் ஏத்துக்கலை. இன்னொரு பக்கம், இந்தியாவுக்கு அணுமின்சாரத்தைவிடச் சூரியசக்திதான் பொருந்தும்னு 1960-லயே புனேயில பேசினார். அப்ப அவர் வேலை பார்த்துட்டிருந்த நிறுவனத்தோட இயக்குநர், இந்திய அணுசக்தித் திட்டத்தையே நடத்தின ஹோமி பாபா! 1962-ல அங்க அவரோட ஒப்பந்தம் புதுப்பிக்கப்படலை.

எங்கேர்ந்து படிக்கறது? பல பேர் 1956-ல வந்த 'இந்திய வரலாறு: ஓர் அறிமுகம்' நூல்ல நேரா இறங்கி, பாதியில மூடிடறாங்க. அது கனமான புத்தகம், படிக்கறவருக்கு நிறைய முன்னாடியே தெரியும்னு நினைச்சு எழுதினது. 1965-ல வந்த பண்டைய இந்தியப் பண்பாடு, நாகரிகம் பத்தின நூல்ல ஆரம்பிங்க, அது பொது வாசகருக்காக எழுதினது. அப்புறம் 1962-ல வந்த 'தொன்மமும் எதார்த்தமும்'. புனேயைச் சுத்தின குன்றுகள்ல நடந்து நுண்கற்கருவிகளைப் பொறுக்கி, அவை கிடைக்கற இடமும் செந்தூரம் பூசின தாய்த்தெய்வக் கல் இருக்கற இடமும் பழைய ஆட்டிடையர் தடங்களும் எப்படி ஒண்ணோட ஒண்ணு சேருதுன்னு காட்டுவார். எனக்குக் கேட்டா, அவர் எழுதினதுலேயே அதுதான் சுவையானது. 1956 நூலை மூணாவதா எடுங்க. நாணயக் கட்டுரைகள் 1981-ல தொகுப்பா வந்திருக்கு, அது கடைசியில.

படிக்கும்போது ரெண்டு இடத்துல கவனம். சிந்துவெளியில கனமான ஏர் இல்ல, அணை கட்டி வெள்ளத்தைத் தேக்கி விவசாயம் பண்ணினாங்க, ஆரியர் அந்த அணையை உடைச்சாங்கன்னு எழுதியிருப்பார். ரிக் வேதத்துல தண்ணியை அடைச்சு வச்சிருந்த விருத்திரனை இந்திரன் கொன்ன கதைக்கு அவர் கொடுத்த விளக்கம் அது. அதுக்கப்புறம் ராஜஸ்தான்ல காலிபங்கன்ல, அரப்பா நகரத்துக்கும் முந்தின காலத்து உழுத வயலே தோண்டி எடுத்தாச்சு; சால் தடம் குறுக்கும் நெடுக்குமா அப்படியே இருக்கு. அதனால அந்தப் பகுதியைத் தீர்ந்துபோன முடிவா எடுத்துக்காதீங்க.

ரெண்டாவது, தெற்கு. அவர் கண்ணு கங்கைச் சமவெளியிலயும் தக்காணத்துலயும்தான். சங்க காலம் பத்தி அவர்கிட்ட விரிவா எதிர்பார்த்தா ஏமாந்துடுவீங்க. அதுக்கு கைலாசபதி, சிவத்தம்பி, நா. வானமாமலை மாதிரி தமிழ் மார்க்சிய ஆய்வாளர்கள் பக்கம்தான் போகணும்.