எலும்பை முறித்தது யார்? மேடையேறும் வானொலி நாடகம்

[கறுப்புத் திரை. 'மளுக்' என்று ஒரு சத்தம்.]

கேட்டீர்களா? ஒருவனுடைய கை எலும்பு முறிந்துவிட்டது. இப்போது பாருங்கள்.

[என் கையில் இரண்டாக ஒடிந்த செலரித் தண்டு.]

வணக்கம். பழைய வானொலி நாடகத்தை அரங்கில் நேரடியாக நடத்துவது பற்றித்தான் இந்த வீடியோ. நடிகர்கள் பிரதியைப் பிடித்துக்கொண்டு மைக் முன் நின்று பேசுவார்கள்; சத்தங்கள் பக்கத்து மேசையில் பிறக்கும். முன்கதை அவ்வளவுதான், வாருங்கள் மேசைக்கு.

[மேசை, மிக அருகில்.]

இரண்டு கொட்டாங்கச்சி: குதிரை. கசக்கிய செலோபேன் தாள்: தீ. தொங்கும் தகட்டை உலுக்கினால் இடி. எனக்குப் பிடித்தது இந்தத் தோல் பை. உள்ளே சோளமாவு. மெதுவாகப் பிசைகிறேன்... 'கறுக், கறுக்'. உறைபனியில் யாரோ நடந்து வருகிறார்கள். பிசைகிற கையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறோம், ஆனாலும் காது குளிர்கிறது! சிலர் இந்த மேசையைத் திரைக்குப் பின்னால் ஒளித்துவிடுகிறார்கள். மகா பாவம். டிக்கெட் வாங்கியதே இதைப் பார்க்கத்தானே?

பிரதியை ஸ்டேப்பிள் செய்யாதீர்கள். தாள் புரளும் சரசரப்பு மைக்கில் இடியாய்க் கேட்கும். படித்து முடித்த தாளைச் சத்தமில்லாமல் கீழே நழுவவிட வேண்டும்.

சரி, உண்மையான சிக்கல் எது தெரியுமா? மௌனம்.

1938 அக்டோபர் 30, நியூயார்க். சிபிஎஸ் வானொலியில் அமெரிக்க நடிகர்-இயக்குநர் ஆர்சன் வெல்ஸ் குழுவின் 'த வார் ஆஃப் த வேர்ல்ட்ஸ்': செவ்வாய்க்கிரகவாசிகள் பூமியைத் தாக்குவதை நேரடிச் செய்தி போலவே சொன்ன நாடகம். செவ்வாய்க்கிரகவாசிகளை நேரில் வர்ணித்துக்கொண்டிருந்த செய்தியாளரின் குரல் பாதி வாக்கியத்தில் அறுந்துபோகிறது. பிறகு ஒன்றுமே இல்லை. ஆள் செத்துவிட்டான் என்பதை அந்த ஒன்றுமில்லாததுதான் சொல்கிறது. (நாடே அலறி வீதிக்கு ஓடியது என்பது பத்திரிகைகள் ஊதிப் பெருக்கியது. அதற்குத் தனி வீடியோ வேண்டுமென்றால் சொல்லுங்கள்.)

இதை மேடையில் எப்படிச் செய்வது? செத்தவர்தான் கையில் தாளோடு, நல்ல உடல்நலத்துடன், நம் கண்ணெதிரே நிற்கிறாரே! விளக்கை அணைத்துவிடலாம் என்பார்கள். எனக்கு அது குறுக்குவழியாகப் படுகிறது. அவர் தாளைத் தாழ்த்தி, மைக்கிலிருந்து ஓரடி பின்வாங்கினால் போதும். மேசைக்காரரின் கைகளும் அந்தரத்தில் அப்படியே நிற்க வேண்டும். யாரும் இருமாமல் இருக்க வேண்டிக்கொள்ளுங்கள்.

வேடம், அரங்க அமைப்பு? வேண்டாம். நடிக்கும் முன் பிரதியின் உரிமை யாரிடம் இருக்கிறது என்று மட்டும் விசாரித்துவிடுங்கள்.

[மீண்டும் கறுப்புத் திரை. 'டக் டக், டக் டக்'.]

இது என்ன சத்தம்? கருத்துப் பகுதியில் எழுதுங்கள். குதிரை என்று எழுதுகிறவர்கள் வீடியோவை முதலிலிருந்து பார்க்கவும்.