கூடைக்கு உள்வரிசைச் சங்கிலி வந்துவிட்டது!

வணக்கம் நண்பர்களே. தட்டு போன்ற டிஸ்க்கை எறிந்து, சங்கிலிகள் தொங்கும் கூடைக்குள் முடிந்தவரை குறைந்த எறிதல்களில் விழச்செய்வதுதான் டிஸ்க் கோல்ஃப். காரைக்குடிக் கல்லூரி வளாகத்தில் மாணவர்கள் அமைத்திருக்கும் ஆறு கூடை டிஸ்க் கோல்ஃப் களத்தைப் பற்றிச் சென்ற காணொளியில் நான் எவ்வளவு மனம் நொந்து பேசினேன் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். நேராக எறிந்த டிஸ்க் சங்கிலிகளுக்கு நடுவே புகுந்து மறுபக்கம் விழுந்தால் யாருக்குத்தான் பொறுக்கும்? இன்று மாலை அந்தக் குறை தீர்ந்துவிட்டது; அதைச் சொல்லத்தான் வெயில் தாழ்ந்ததும் கேமராவை எடுத்துக்கொண்டு ஓடிவந்தேன்.

கூடைகளைச் செய்த பட்டறையில் ஒவ்வொன்றுக்கும் வெளிவரிசையாக ஆறு சங்கிலிகள் மட்டுமே தொங்கவிட்டிருந்தார்கள். இடைவெளியில் டிஸ்க் நழுவாமல் இருக்க உள்ளேயும் ஒரு வரிசை வேண்டியிருந்தது. உங்களில் பலர், முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் செட்டிநாட்டு வீடுகளின் ஊஞ்சல் சங்கிலி கிடைக்குமே என்று எழுதியிருந்தீர்கள். போய்ப் பார்த்தேன். ஒரு சோடிக்கு எட்டாயிரம் ரூபாய் சொன்னார்கள், அதுவும் பேரம் பேசிய பிறகு. விலையை விடுங்கள், அந்தச் சங்கிலியில் முழ நீளக் கம்பிகளைக் கொக்கியால் கோத்திருக்கிறார்கள். டிஸ்க் பட்டால் கம்பி வளைந்துகொடுக்காமல் அதைத் திருப்பித் தள்ளிவிடும். நமக்கு வேண்டியது நாய் கட்டுகிற கனத்தில் இருக்கும் மெல்லிய ஜி.ஐ. சங்கிலி, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புச் சங்கிலி. இரும்புக்கடையில் அடி 45 ரூபாய். ஒரு கூடைக்கு இரண்டடி வீதம் ஆறு துண்டுகள், ஆகப் பன்னிரண்டு அடி, 540 ரூபாய். ஆறு கூடைகளுக்கும் சேர்த்து 3,240 ரூபாய்! அந்த எட்டாயிரத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு பதைக்கிறது.

இந்தச் சங்கிலியின் அருமை ஆட்டத்தின் வரலாற்றிலேயே இருக்கிறது. தொடக்கத்தில் கம்பத்தையும் மரத்தையும் குறியாக வைத்து ஆடியபோது, பட்டதா படவில்லையா என்று ஓயாத தகராறு வந்தது. அதைத் தீர்க்கத்தான் கலிபோர்னியாவின் எட் ஹெட்ரிக் 1970-களில் சங்கிலிக் கூடையை உருவாக்கினார். 2002-இல் அவர் மறைந்தபின், அவருடைய விருப்பப்படியே அவரது அஸ்தியைப் பிளாஸ்டிக்கில் கலந்து டிஸ்க்குகள் வார்த்தார்கள். இதைப் படித்த நாளிலிருந்து அந்த மனிதர் மீது எனக்குத் தனிப் பிரியம்.

இனி ஆட்டம். மிக நீண்ட எறிதலே எழுபது மீட்டர்தான் என்பதால் தொலைதூர எறிதலுக்கான டிரைவர் டிஸ்க்கை வெளியே எடுக்கவே இல்லை. குறுகிய களத்தில் அதைத் தூக்கி வீசுபவர்களைக் கண்டால் எனக்குப் பிடிக்காது. கிட்டத்து எறிதலுக்கான 175 கிராம் பட்டர் டிஸ்க் ஒன்றே முழுக்களத்துக்கும் போதும். முதல் மூன்று கூடைகளும் இழுபறியின்றி முடிந்தன. நான்காவதில் வேப்பங்கிளை தட்டி நான்கு எறிதல்கள் ஆயின. ஐந்தாவது மூன்றில் முடிந்தது.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன்: இரண்டாம் கூடையை இரண்டே எறிதலில் முடித்தேன், ஆனால் அப்போது கேமராவை இயக்கவில்லை. அதற்காக இன்னும் வருந்துகிறேன்.

ஆறாம் கூடைக்கு இடப்புறம் சீமைக்கருவேல வேலி இருக்கிறது. வலக்கைக்காரர் புறங்கையால் எறியும் டிஸ்க், வேகம் குறைந்ததும் இடப்பக்கம் சாயும் என்பதால், வலப்பக்கத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்து எறிந்தேன். அது வளைந்து வந்து, கூடையிலிருந்து ஒன்பது மீட்டரில் செம்மண்ணில் சறுக்கி நின்றது. பத்து மீட்டருக்குள் இருந்து எறிந்தால், எறிந்தபின் நிலைகொண்டு நிற்பதைக் காட்டாமல் முன்னே காலெடுத்து வைக்கக் கூடாது என்பது ஆட்ட விதி. கால் கட்டைவிரல் செம்மண்ணில் அழுந்த நின்று எறிந்தேன். வெளிச்சங்கிலிகள் விலக, உட்சங்கிலிகள் டிஸ்க்கைச் சுற்றிப் பிடித்துக் கலகலவென்று தட்டில் இறக்கின. கூடைக்கு மூன்று எறிதல் வீதம் களத்தின் கணக்கு பதினெட்டு. நான் முடித்தது பதினேழு. இதே களத்தில் சென்ற முறை இருபத்தொன்று.

அந்த ஓசையை ஒலிவாங்கியைக் கூடைக்கு அருகில் வைத்து மறுபடியும் பதிவு செய்திருக்கிறேன், இதோ கேளுங்கள்.