கடத்துக்கு ஒரு பாடப்புத்தகம்

நேயர்களுக்கு வணக்கம்.

நம் பெங்களூரில் ராமநவமி வந்துவிட்டால் கச்சேரி கேட்பவர்களுக்கு ஓய்வு கிடையாது. சாமராஜப்பேட்டைப் பந்தலில் ஸ்ரீராம சேவா மண்டலி 1939 முதல் நடத்திவரும் கச்சேரிகளுக்கு மல்லேஸ்வரத்திலிருந்தும் அல்சூரிலிருந்தும் பஸ் பிடித்துப் போகிற தமிழர்களில் நானும் ஒருவன். எந்தச் சபாவானாலும் ஒரு காட்சி மாறாது. தாளவாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்துக்குப் பாடகர் கை காட்டியதும் ஒரு கூட்டம் காபிக்கு எழுந்துவிடும். மிருதங்கத்தையாவது நாலு பேர் நின்று கேட்பார்கள். மண்பானையான கடத்தை வாசிப்பவர் பாடுதான் பாவம். அவர் முறை வரும்போது பாதி நாற்காலி காலி.

இப்படிப்பட்ட ஒரு வாத்தியத்தைத் தேர்ந்தெடுத்து, நம் ஊரில் வாழ்ந்துகொண்டு, மேடையிலும் வகுப்பிலும் அதற்கு ஒரு இடம் தேடிக்கொடுத்தவர் சுகன்யா ராம்கோபால். இன்று அவரைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

மாயவரத்தில் பிறந்தவர். தமிழ்த் தாத்தா உ.வே.சாமிநாதையரின் கொள்ளுப்பேத்தி. சென்னையில் ஹரிஹர சர்மா நடத்திய ஜெய கணேஷ் தாளவாத்திய வித்யாலயத்துக்கு அவர் போனது வயலின் கற்கத்தான். சர்மாவின் மகன் குருமூர்த்தி வயலின் சொல்லிக்கொடுக்க, மனசு என்னவோ மிருதங்க வகுப்பின் பக்கமே போயிருக்கிறது. மிருதங்கம் கற்றார். அப்புறம் கடத்தின் மேல் ஆசை வந்தது. சர்மாவின் இன்னொரு மகன், கட வித்வான் விக்கு விநாயக்ராமிடம் கேட்டால், பெண் கைக்கு இது கஷ்டம் அம்மா என்று தயங்கினார். விடு, நான் சொல்லித்தருகிறேன் என்று முன்வந்தவர் சர்மா. விக்கு வெளிநாடு போயிருந்த காலத்தில் பாடம் நடந்தது. திரும்பி வந்த விக்கு வாசிப்பைக் கேட்டு ஏற்றுக்கொண்டார். பிறகு அவரே குருவுமானார்.

விக்கு தயங்கியதில் அர்த்தம் இல்லாமல் இல்லை. மிருதங்கத்தில் தோல் விரலைத் திருப்பித் தள்ளும். சுட்ட மண் அப்படித் தள்ளாது. அதிலும் மானாமதுரைக் கடம் நல்ல கனம், சுவரும் தடிமன். நாதம் கணீரென்று வரும், ஆனால் கை அதற்குக் கூலி கொடுத்தாக வேண்டும். கழுத்தில் ஒரு ஒலி, வயிற்றில் ஒரு ஒலி, நகம் பட்டால் ஒன்று, மணிக்கட்டு பட்டால் வேறொன்று. கடத்தின் வாயை வாசிப்பவர் தன் வயிற்றோடு அணைத்தும் விலக்கியும் கும்கி என்கிற ஆழ்ந்த ஒலியை எழுப்ப வேண்டும். சுருதி விஷயத்திலும் பிடிவாதமான வாத்தியம். மிருதங்கம் போல வாரை இழுத்தோ கட்டையால் தட்டியோ அதைச் சேர்க்க முடியாது. பாடகருக்குச் சுருதி ஒரு கட்டை என்றால் ஒரு கடம், பாடகிக்கு ஐந்தரை என்றால் இன்னொன்று. வீட்டில் வரிசையாகக் கடங்கள் இருந்தே தீரவேண்டும்.

வாசிக்கத் தெரிந்தால் போதாது, பக்கத்தில் உட்காரவும் விட வேண்டுமே! பெண் கடம் வாசித்தால் நாங்கள் உடன் உட்கார மாட்டோம் என்று மிருதங்கக்காரர்கள் மறுத்ததைச் சுகன்யாவே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். இது ஒன்றும் புது நோய் இல்லை. மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயர் பெண்களுக்கு வாசிப்பதில்லை என்று வெகுகாலம் இருந்தவர், பின்னால்தான் டி.கே.பட்டம்மாளுக்கு வாசித்தார். பாடுகிற பெண்ணுக்கே அந்த நிலை என்றால், மிருதங்கத்துக்கு அடுத்தபடியான உபபக்கவாத்தியமாக வந்து உட்காரும் பெண்ணை யார் கேட்கப்போகிறார்கள்?

கல்யாணத்துக்குப் பிறகு பெங்களூர். இங்கே அவர் செய்ததில் இரண்டு காரியங்களை முக்கியமாகச் சொல்வேன். கட தரங்கம் என்று, வெவ்வேறு சுருதிக் கடங்களைச் சுற்றிலும் வைத்துக்கொண்டு அவற்றிலேயே ஸ்வரங்களையும் வாசிக்கும் முறையை வளர்த்தார். 1995-இல் பெண்களை மட்டுமே கொண்ட ஸ்த்ரீ தால் தரங் குழுவைத் தொடங்கினார். அதில் கடம் ஓரத்தில் இல்லை, நடுவில் இருந்தது. யாரோ கூப்பிடட்டும் என்று காத்திருக்காமல் தானே மேடை போட்டுக்கொண்டார் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். 2014-ஆம் ஆண்டுக்கான சங்கீத நாடக அகாதமி விருதும் வந்தது.

பத்திரிகைகள் அவரை எப்போதும் "முதல் பெண் கடக் கலைஞர்" என்றே எழுதுகின்றன. சரி, அது உண்மைதான். ஆனால் அதோடு நிறுத்திவிட்டால் அவர் செய்த பெரிய வேலை கண்ணில் படாமலே போகும். விக்குவின் கடம் வாசிக்கும் பாணியை அவர் ஒரு பாடப்புத்தகமாகவே எழுதிவிட்டார். மிருதங்கக்காரர்கள் வாசிப்பதைப் பார்த்து, அதையே மண்ணில் வாசித்துப் பழகியவர்கள்தான் கடத்தில் அதிகம். ஆனால் தோலுக்கு ஏற்பட்ட விரல்வைப்பு மண்ணுக்கு அப்படியே பொருந்தாது. "தகதிமி" என்கிற ஒரே தாளச் சொல்லை இங்கே எந்த விரல், எந்த இடத்தில் தட்டுவது என்பது குருவின் கையைப் பார்த்துப் பிடிக்க வேண்டிய விஷயமாகவே இருந்தது. குரு ஊரில் இல்லாவிட்டால் பாடமும் நின்றுவிடும். கொள்ளுத் தாத்தா சுவடியைத் தேடித்தேடி அச்சில் ஏற்றினார், கொள்ளுப்பேத்தி கைவழக்கத்தை ஏற்றினார். தற்செயல்தான், இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

தாளவாத்தியத்தை முறையாகச் சொல்லிக்கொடுப்பதில் நம் ஊருக்கு ஏற்கெனவே பழக்கம் உண்டு. டி.ஏ.எஸ்.மணி 1964-இலேயே இங்கே கர்நாடகத் தாளவாத்தியக் கல்லூரியைத் தொடங்கிவிட்டார். வீட்டில் தமிழ் பேசும் பிள்ளையும் கன்னடம் பேசும் பிள்ளையும் இந்த ஊரில் ஒரே வகுப்பில் உட்கார்ந்து "தத் தித் தொம் நம்" சொல்வதைப் பார்க்கலாம். இந்தத் தாளச் சொற்கட்டுக்கு மொழிச் சண்டை கிடையாது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அடுத்த கச்சேரியில் தனி வரும்போது, இரண்டு வாத்தியமும் மாறி மாறி வாசிக்கும் குறைப்பு வரைக்குமாவது உட்காருங்கள். மிருதங்கம் நாலு ஆவர்த்தனம், அதாவது நாலு தாளச் சுற்று, வாசித்தால் கடமும் நாலு. அப்புறம் இரண்டுக்கு இரண்டு, ஒன்றுக்கு ஒன்று, அரைக்கு அரை என்று சுருங்கிக்கொண்டே வரும். மிருதங்கக்காரர் முன்கூட்டி யோசித்து வந்திருக்கலாம். கடக்காரருக்கு அந்த வசதி இல்லை. எதிரில் கேட்ட கணக்கை அடுத்த நொடியே தன் கையில் கொண்டுவர வேண்டும், அதில் தன்னுடையதாக ஒன்றைச் சேர்க்கவும் வேண்டும். காபி எங்கும் போய்விடாது.

வணக்கம்.