அச்சாணிக்கு ஒரு நியமனக் கடிதம்

(திருச்சியில் கட்டடப் பொறியாளர்களும் ஆர்க்கிடெக்டுகளும் கூடிய ஆண்டுக் கூட்டத்தில் பேசியது. மேடையில் விட்டுப்போன ஓரிரு வரிகளை எழுதும்போது சேர்த்திருக்கிறேன்.)

அவைத் தலைவர் அவர்களே, பொதுப்பணித் துறையில் கண்காணிப்புப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்று, இன்றைக்கும் காலையில் ஆறு மணிக்குச் சைட்டில் நிற்கிற எங்கள் மூத்தவர் அவர்களே, பாலிடெக்னிக் முதல்வர் அம்மா அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் ஆர்க்கிடெக்ட் பெருமக்களே, முன் வரிசையில் உட்கார்ந்திருக்கும் மாணவச் செல்வங்களே, எல்லோருக்கும் வணக்கம். மூத்தவரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். 1988-ல் நான் கையில் ஒரு டி-ஸ்கொயரோடு இந்த ஊருக்கு வந்தபோது, என் முதல் எஸ்டிமேட்டை வாங்கிப் பார்த்து, அளவுகளை ஒவ்வொன்றாகத் திருத்திக் கொடுத்தவர் அவர். அவர் எதிரில் நின்று பேசுவது எனக்குப் பெரும் பேறு. இந்த அரங்கத்தை வாடகை வாங்காமல் கொடுத்த நிர்வாகத்துக்கு நன்றி. மூன்று முறை போன் செய்து என்னை அழைத்த செயலாளருக்கு நன்றி. மதியச் சாப்பாடு ஏற்பாடு செய்திருக்கும் மகளிர் குழுச் சகோதரிகளுக்கும் இப்போதே நன்றி சொல்லிவிடுகிறேன்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, "கட்டடக்கலை, பொறியியல் நிறுவனங்களின் வெற்றியில் அலுவலகப் பணியாளர்களின் பங்கு". நான்கு விஷயம் பேசலாம் என்று குறித்து வந்திருக்கிறேன். ஆவணம், வசூல், டெண்டர், புது வேலை பிடிப்பது. என் பாட்டி ஒரு பழமொழி சொல்வார். அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது. ஸ்ரீரங்கத்துச் சித்திரைத் தேரைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அலங்காரத்தைப் பார்ப்போம், பெருமாளைப் பார்ப்போம், வடத்தைப் பிடித்து இழுப்போம். சக்கரத்தின் பக்கத்தில் குனிந்து அச்சாணியைப் பார்த்தவர்கள் இங்கே எத்தனை பேர்? தேர்த்தச்சர் பார்ப்பார். தேர் கிளம்புவதற்கு முன்னால் அவர் முதலில் தட்டிப் பார்ப்பது அதைத்தான்.

நம் அலுவலகங்களில் அந்த அச்சாணி யார் என்று கேட்டால், கணக்கு எழுதுகிறவர், டெண்டர் பார்க்கிறவர், தபால் நோட்டு வைத்திருப்பவர், சம்பளம் போடுகிறவர், எந்த டிராயிங் எப்போது யாருக்குப் போனது என்று நினைவில் வைத்திருப்பவர் என்று அடுக்கலாம். எல் அண்ட் டி மாதிரி கம்பெனியில் இதற்கெல்லாம் தனித்தனித் துறை உண்டு. நம்முடையது ஐந்து பேர், எட்டுப் பேர் கொண்ட அலுவலகம். இந்த வேலை முழுவதும் ஒரே ஆள் தலையில் இருக்கும். பெரும்பாலும் அது ஒரு பெண்.

எங்கள் அலுவலகத்தில் இருந்தவரை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். வயதில் எனக்கு இளையவர், நானும் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். 1996-ல் சேர்ந்தார். பி.காம். படிப்பு, தட்டச்சு ஹையர். வந்த முதல் வாரமே ஒரு நீள நோட்டு வாங்கி, ஸ்கேல் வைத்து ஆறு கட்டம் போட்டார். தேதி, டிராயிங் எண், ரிவிஷன், எத்தனை பிரதி, யார் வாங்கியது, கையெழுத்து. நான் பார்த்துவிட்டு, "இதெல்லாம் நமக்கு எதுக்கும்மா, நாலு வீடு கட்டுறோம்" என்றேன். "இருக்கட்டும் சார்" என்றார். அவ்வளவுதான்.

2007-ல் ஒரு கல்லூரிக் கட்டடம் வந்தது. ஊரும் பெயரும் வேண்டாம். முதல் தளம் முழுக்க வகுப்பறை என்று சொன்னார்கள். வகுப்பறை என்றால், தளம் எவ்வளவு சுமை தாங்க வேண்டும் என்று சொல்கிற இந்தியத் தர நெறி, நம் ஐ.எஸ். 875 என்ன சொல்கிறது? மாணவர்கள் யாராவது சொல்லுங்கள். சரி, சதுர மீட்டருக்கு 3 கிலோநியூட்டன். அதற்குத் தகுந்தபடி பீம் போட்டு டிராயிங் கொடுத்தோம், அது ஆர்-1, அதாவது ரிவிஷன் ஒன்று. இரண்டு மாதம் கழித்து நிர்வாகத்தில் மனசு மாறியது. அந்தப் பக்கத்தில் நூலகம் வரட்டும் என்றார்கள். புத்தக அடுக்கு நிற்கிற இடத்துக்குச் சதுர மீட்டருக்குக் குறைந்தது 6. சுமை இரண்டு மடங்கு. பீம் ஆழத்தைக் கூட்டி, கம்பியைக் கூட்டி, ஆர்-2 கொடுத்தோம். அப்புறம் எங்களுக்கு வேறு வேலை வந்துவிட்டது. கல்லூரி தன் சொந்த மேற்பார்வையிலேயே கட்டி முடித்தது.

திறப்பு விழா முடிந்து, அடுக்குகள் வந்து, புத்தகம் ஏறியது. மூன்றாவது மாதம் ஒரு போன். பீம் நடுவில் விரிசல், அடியில் தொய்வு, உடனே வாருங்கள். போனேன். நாடாவைப் பிடித்துப் பார்த்தேன். பீம் ஆழம் ஆர்-1-ல் உள்ள ஆழம். பழைய டிராயிங்கை வைத்துக் கான்கிரீட் போட்டுவிட்டார்கள்! அன்றைக்கே புத்தகங்களை இறக்கச் சொன்னேன், கீழே முட்டுக் கொடுக்கச் சொன்னேன். அது நடந்தது. அதன் பிறகு கூட்டம் கூட்டினார்கள்.

நீள மேசை. ஒரு பக்கம் தாளாளர், அவருடைய வக்கீல், ஒப்பந்ததாரர், சைட் சூப்பர்வைசர். இந்தப் பக்கம் நான் ஒருவன். "ஆர்-2 என்று ஒரு டிராயிங்கே எங்களுக்கு வரவில்லை" என்கிறார் ஒப்பந்ததாரர். "டிசைன் தப்பு, சரிசெய்கிற செலவு முழுவதும் உங்களுடையது" என்கிறார் வக்கீல். என் பாக்கி ஃபீஸ் இரண்டே முக்கால் லட்சம் அவர்களிடம் நிற்கிறது, அதுவும் இல்லை என்கிறார்கள். கொடுத்தோம் என்று எனக்குத் தெரியும். ஆனால் எப்போது, யார் கையில்? சத்தியமாக எனக்கு ஞாபகம் இல்லை. ஏ.சி. அறையில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

வெளியே வந்து அலுவலகத்துக்குப் போன் செய்தேன். அக்கா கேட்டது ஒரே கேள்வி: "எந்த வருஷம் சார்?" ஒன்றரை மணி நேரத்தில், சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறி, மஞ்சள் பையோடு வந்து இறங்கினார். அந்த மேசையில் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பையிலிருந்து நீள நோட்டை எடுத்து, பஸ் டிக்கெட்டை அடையாளமாக வைத்திருந்த பக்கத்தைத் திறந்து, தாளாளர் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

அக்டோபர் மாதத் தேதி. ஆர்-2, இரண்டு செட். சூப்பர்வைசர் கையெழுத்து. அதற்குப் பக்கத்தில் சூப்பர்வைசரே தன் கையால் எழுதிய ஒரு வரி: "ஒரு செட் மழையில் ஓரம் நனைந்துள்ளது." அன்றைக்கு நல்ல மழை. எங்கள் ஆபீஸ் பையன் சைக்கிளில் கொண்டுபோனபோது ஒரு செட் நனைந்துவிட்டது. திரும்பி வந்து சொன்னதும் அக்கா அவனை மறுபடி அனுப்பி, நனைந்ததை அவர்களையே எழுதச் சொல்லி வாங்கியிருக்கிறார். வாங்கவே இல்லை என்று சொன்ன டிராயிங் நனைந்திருந்தது என்று எழுதிய ஆள், அதே மேசையில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

வக்கீல் அந்த வரியை இரண்டு முறை படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "வேற பேசலாம்" என்றார்.

பீமுக்குக் கீழே இரும்பு ஐ-செக்ஷன் கொடுத்து, தூண் நிறுத்தி, கட்டடத்தைச் சரிசெய்தோம். செலவை ஒப்பந்ததாரர் ஏற்றுக்கொண்டார். எங்கள் ஃபீஸ் நாற்பது நாளில் வந்தது. பீம் கணக்குப் போட்டது நான். என்னையும் என் அலுவலகத்தையும் அன்று காப்பாற்றியது ஸ்கேல் வைத்துப் போட்ட ஆறு கட்டம். அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்று பாட்டி சொன்னதன் பொருள் எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

ஆவணம் என்ற முதல் விஷயத்துக்கு இதற்கு மேல் நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. வசூலுக்கு வருகிறேன்.

நம் தொழிலில் வேலை இல்லாமல் மூடிய அலுவலகங்களை விட, வேலை முடித்தும் பணம் வராமல் மூடிய அலுவலகங்களை நான் அதிகம் பார்த்திருக்கிறேன். பத்து லட்சத்துக்கு ஒரு பில் போடுகிறீர்கள். ஜி.எஸ்.டி. 18 சதவீதம், ஒரு லட்சத்து எண்பதாயிரம். வாடிக்கையாளர் பணம் தந்தாலும் தராவிட்டாலும், மாதாமாதம் கட்டுகிறவர்கள் அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் அதைக் கட்டியாக வேண்டும். எந்தக் கட்டத்தில் எந்தத் தேதிக்குப் பில் என்று ஒப்பந்தத்திலேயே எழுத வைப்பவர் நல்ல கணக்கர். நமக்குப் பணம் தரும்போதே பிடித்த வரி, அதாவது டி.டி.எஸ்., நம் வரிக் கணக்கில் ஏறியதா என்று காலாண்டுக்கு ஒரு முறை பார்த்து, ஏறாதவர்களுக்குப் போன் போடுபவரும் அவர்தான்.

இன்னொன்று, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டப்படி, உத்யம் என்ற அரசுப் பதிவு உள்ள குறு, சிறு நிறுவனத்துக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். ஒப்பந்தத்தில் தொண்ணூறு நாள் என்று எழுதியிருந்தாலும் 45 தான். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. அப்புறம், 2024 ஏப்ரலிலிருந்து வருமான வரிச் சட்டத்தில் ஒரு விதி வந்திருக்கிறது. குறித்த காலத்தில் நமக்குப் பணம் தராதவர், தரும் வரை அந்தத் தொகையைத் தன் செலவுக் கணக்கில் கழிக்க முடியாது. மார்ச் மாதம் வாடிக்கையாளரின் ஆடிட்டரே அவரைப் பிடித்து உலுக்குவார். இத்தனை பலமும் ஒரு சின்ன வேலையில்தான் அடங்கியிருக்கிறது: ஒவ்வொரு பில்லிலும் உத்யம் எண்ணைப் போடுவது. நானா போட்டேன்? எனக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. எங்கள் கணக்குப் பெண் போட்டாள்.

டெண்டர் பற்றி நிறையச் சொல்ல நினைத்தேன். ஆன்லைன் டெண்டரில் மூன்று மணி என்றால் மூன்று மணிதான், ஒரு நிமிடம் தாண்டினால் இணையதளம் வாங்காது. டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் காலாவதியானது கடைசி நாள் மதியம்தான் தெரியவந்தது என்று கண் கலங்கிய ஆர்க்கிடெக்ட் இந்த அரங்கத்திலேயே இருக்கிறார். நேரம் ஆகிறது என்று செயலாளர் சைகை காட்டுகிறார். நான் முக்கியமாகச் சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

தஞ்சைப் பெரிய கோயில். 1010. நாம் மாணவர்களை அழைத்துப்போய் விமானத்தைக் காட்டுகிறோம், குஞ்சரமல்லன் ராஜராஜப் பெருந்தச்சன் என்று அதைக் கட்டியவர் பெயரைச் சொல்கிறோம். சொல்ல வேண்டியதுதான். அதே கோயில் சுவரில் இன்னொரு பட்டியலும் இருக்கிறது. கோயிலில் ஊழியம் செய்தவர்கள், அவர்களுக்கு உரிய நெல். அதில் கணக்கு எழுதியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அடுத்த நிலையில் கீழ்க்கணக்கு எழுதியவர்கள் இருக்கிறார்கள். தையல்காரர் இருக்கிறார், நாவிதர் இருக்கிறார். நாம் கொடுத்தனவும் நம் அக்கன் கொடுத்தனவும் நம் பெண்டுகள் கொடுத்தனவும் கல்லிலே வெட்டுக என்று சொன்ன அரசன், கீழ்க்கணக்குக்காரருக்குச் சேர வேண்டிய நெல்லையும் கல்லிலே வெட்ட வைத்தான். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் கல்லில் கொடுத்ததை, நாம் இன்றைக்கு ஏ-4 தாளில் கூடக் கொடுப்பதில்லை.

அக்கா 2015-ல் வேலையை விட்டார். கணவருக்கு உடம்பு முடியவில்லை. வங்கியில் கடன் கேட்டிருக்கிறார். எங்கே வேலை செய்தீர்கள், எத்தனை வருடம், ஆதாரம் காட்டுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். பத்தொன்பது வருடம். ஊரில் இருக்கிற ஒவ்வொரு டிராயிங்குக்கும் ஆதாரம் வைத்திருந்த பெண்ணிடம், தான் வேலை செய்ததற்கு ஆதாரம் இல்லை. நான் நியமனக் கடிதம் கொடுத்ததில்லை. பி.எஃப். கட்டியதில்லை. எங்கள் அலுவலகத்தில் ஒன்பது பேர், சட்டம் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. அது எனக்கு வசதியாக இருந்தது. லெட்டர்ஹெட்டில் ஒரு சான்றிதழ் அடித்துக் கொடுத்தேன். அதை வாங்கி, தேதியைச் சரிபார்த்து, "நம்பர் போடலையே சார்" என்று சொல்லி, வெளியே போகிற கடிதங்களை எண் போட்டு எழுதும் அவுட்வேர்டு நோட்டில் அவரே ஏற்றிவிட்டுப் போனார். பத்து வருடமாக அந்தக் காட்சி என் கண்ணை விட்டுப் போகவில்லை.

அதனால்தான் போகிற மேடையிலெல்லாம் இதையே பேசுகிறேன். 2025 நவம்பர் 21-ஆம் தேதி நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்திருக்கின்றன. நியமனக் கடிதம் தருவது அதில் கடமையாகிவிட்டது. ஆனால் நம்மில் பலருக்கு ஆள் எண்ணிக்கை குறைவு, சட்டம் நம் வாசல் வரை வராமல் போகலாம். வராவிட்டால் என்ன? நாம் கொடுக்கலாமே! பி.எஃப். இருபது பேர் இருந்தால்தான் கட்டாயம். இருபதுக்குக் குறைவாக இருந்தாலும், முதலாளியும் பெரும்பாலான பணியாளர்களும் சம்மதித்தால் தாமாகவே சேரலாம். அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்று மேடையில் சொல்கிறோம், மாதம் பிறந்தால் அந்த அச்சாணிக்குச் சம்பளத்தைக் கவரில் போட்டுக் கொடுக்கிறோம். வேண்டாம், வங்கியில் போடுங்கள்.

புது வேலை பிடிப்பதில் இவர்களுடைய பங்கு என்ற நான்காவது விஷயத்தை முதல்வர் அம்மா தன் உரையில் தொடுவார் என்று நம்புகிறேன்.

ஒரு பக்கத்துக்கு மாதிரி நியமனக் கடிதம் தயார் செய்து, நூறு பிரதி எடுத்து வந்திருக்கிறேன். பெயர், வேலை, சேர்ந்த தேதி, சம்பளம், விடுப்பு, இவ்வளவுதான் இருக்கும். சாப்பாட்டுக்குப் போகிற வழியில் இடது பக்க மேசையில் வைத்திருக்கிறது. சேர்ந்த தேதி என்ற இடத்தில் உண்மையான தேதியைப் போடுங்கள், இன்றைய தேதியைப் போடாதீர்கள். தை பிறப்பதற்குள் கொடுத்துவிட்டு எனக்கு ஒரு போன் செய்யுங்கள். மேசையில் ஒரு நோட்டும் இருக்கிறது. பிரதி வாங்குகிறவர்கள் தயவுசெய்து கையெழுத்துப் போட்டுவிட்டு வாங்குங்கள். நன்றி, வணக்கம்.