நான் ஜெயில்லயா இருந்தேன்?

வணக்கம் மக்களே. இன்றைக்கு வீடியோவில் மணிமுத்தாறு அருவியும் கிடையாது, அல்வாவும் கிடையாது. வீட்டுத் திண்ணையில்தான் உட்கார்ந்திருக்கிறேன். பின்னாடி டிராக்டர் சத்தம் கேட்கும். பிசானப் பருவ நெல் நடவுக்கு உழுகிறார்கள், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் சித்தப்பா மகனுக்கு 27 வயது. அறிவுசார் குறைபாடு உண்டு. மாட்டைக் குளிப்பாட்டுவான், கடைக்குப் போய்ச் சாமான் வாங்கி வருவான். மீதிச் சில்லறையை மட்டும் யாராவது எண்ணிக் கொடுக்கவேண்டும். சித்தப்பா இறந்ததும் தாத்தா வயலில் அவர் பங்கு இவனுக்கும் சித்திக்கும் வந்தது. எங்கள் அப்பாவும் பெரியப்பாவும் அதை எடுத்துக்கொண்டு ஒரு தொகை கொடுப்பதாகப் பேச்சு. கெட்ட எண்ணம் என்று சொல்லமாட்டேன். அவனிடம் கேட்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

பத்திரம் எழுதுகிறவரிடம் அவனை பைக்கில் ஏற்றிக்கொண்டு போனது நான்தான். அவர், "மேற்படி சொத்தில் எனக்குள்ள பாத்தியதையை இதன் மூலம் விடுதலை செய்து" என்று ஒரே மூச்சில் வாசித்தார். தம்பி என் பக்கம் திரும்பி, "எண்ணே, நான் ஜெயில்லயா இருந்தேன்?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது. விடுதலைப் பத்திரம் என்றால் பங்கை விட்டுக்கொடுப்பது என்று அங்கே ஒருத்தரும் அவனிடம் சொல்லவில்லை. அன்றைக்குக் கையெழுத்து ஆகாமல் தப்பியதுகூட, பதிவு செய்யப் போன இடத்தில் சர்வர் படுத்துக்கொண்டதால்தான்.

அப்புறம் சித்தியைக் கூட்டிக்கொண்டு அம்பாசமுத்திரம் கோர்ட்டில் வட்ட சட்டப் பணிகள் குழுவுக்குப் போனோம். மாற்றுத்திறனாளி என்றால் இலவச வக்கீலுக்கு வருமான வரம்பே கிடையாது. 1987 சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்திலேயே இருக்கிறது. போகமுடியாதவர்கள் சட்ட உதவி எண் 15100-க்கு போன் போடலாம். ஊரில், "கார்டியன் போட்டுட்டா சோலி முடிஞ்சுது" என்றார்கள். கார்டியன் என்றால் அவனுக்காக முடிவெடுக்கிற சட்டப் பாதுகாவலர். 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, கலெக்டர் தலைமையிலான குழுவிடம் அதற்கு மனுக் கொடுக்கலாம், சரி. சிலருக்கு அது தேவையும்கூட. ஆனால் சொல்லிக் கொடுத்தால் புரிந்துகொள்கிற ஆளுக்கு எடுத்த எடுப்பில் கார்டியன் எதற்கு?

ஒரு வக்கீலம்மாவைப் போட்டார்கள். அவர் முதலில் செய்த காரியம், என்னை வெளியே போகச் சொன்னது.

"அவன் என்கிட்டதான் மேடம் பேசுவான்" என்றேன்.

"பங்கை வாங்குறது உங்க அப்பாதானே?"

வாயை மூடிக்கொண்டேன். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 13-வது பிரிவில் இது இருக்கிறது என்று பிறகு படித்தேன். சொத்து வைத்துக்கொள்ள, வாரிசாக வர மற்றவர்களுக்குச் சமமான உரிமை அவனுக்கும் உண்டு. முடிவெடுக்கத் துணைக்கு ஆள் இருக்கலாம். ஆனால் அந்தக் குறிப்பிட்ட பணம், சொத்து விஷயத்தில் துணைக்கு வந்தவருக்கும் அவனுக்கும் நலன் மோதினால், வந்தவர் ஒதுங்கிக்கொள்ளவேண்டும். சொந்தக்காரர் என்பதற்காக மட்டும் யாரையும் சந்தேகப்படவேண்டாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஆனால் நான் நின்ற இடம் அப்படி. பாசமாகத்தான் கூட்டிப் போனேன், யார் பக்கம் நின்று கூட்டிப் போனேன் என்று யோசிக்கவில்லை.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வக்கீலம்மா பத்திரத்தைத் தொடவே இல்லை. வெள்ளைத் தாளில் வயலை வரைந்தார், வரப்பு வரைந்தார், ஓரத்தில் ஒரு கிணறு. ஒரு துண்டை பென்சிலால் தீட்டி, அவன் விரலைப் பிடித்து அதன்மேல் வைத்தார். அப்புறம் ரூபாய் நோட்டு ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஏதோ கேட்டார். அவன் ரொம்ப நேரம் பேசவில்லை. அவரும் அவசரப்படுத்தவில்லை. அரைமணி நேரம் இருக்கும். வெளியே கட்டைச்சுவரில் உட்கார்ந்து இரண்டு டீ குடித்துவிட்டேன்.

தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தான். "என்னல முடிவு பண்ணுன?" என்று கேட்டேன்.

"அம்மாட்ட சொல்லிட்டு அப்புறம் சொல்லுதேன். நீ பெரியப்பா மவன்லா" என்றான்.